பசித்திருக்கவும் துணை வேண்டும்!

உங்கள் தெருவில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் குடியிருந்தால், மார்ச் மாத வாக்கில் ஒரு மாறுதலை நீங்களே கவனித்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் தவறாமல் மூக்கைத் துளைக்கும் கறிக் குழம்பின் வாசனை சில வாரங்களுக்குத் தலைகாட்டாது. வெள்ளிக்கிழமை காலையில் குழாயடியில் பார்த்து, "இன்றைக்கு என்ன பலகாரம்?" என்று அந்த வீட்டு அம்மாளைக் கேட்டால், சிரித்து மழுப்பிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். மாலை ஆறரை மணிக்கு அந்த வீட்டு வாசலில் பத்துப் பன்னிரண்டு ஜோடிச் செருப்புகள் கிடக்கும். உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் வரும். சிறிது நேரத்தில் அதுவும் அடங்கி, தாழ்ந்த பேச்சுக் குரல் மட்டும் கேட்கும்.

"என்னதான் நடக்கிறது உள்ளே?" என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கிறிஸ்தவர்களுக்கு அது நோன்புக் காலம். புராட்டஸ்டண்டுச் சபையார் 'லெந்து காலம்' என்பார்கள். கத்தோலிக்கர் 'தவக்காலம்' என்பார்கள். சாம்பல் புதனன்று தொடங்கி, ஈஸ்டருக்கு முதல் நாளோடு முடியும். காலண்டரை வைத்துக்கொண்டு எண்ணினால் 46 நாட்கள் வரும். 'நாற்பது நாள் நோன்பு என்கிறார்களே, கணக்கு உதைக்கிறதே!' என்று நீங்கள் யோசிக்க வேண்டாம். இடையில் வரும் ஞாயிற்றுக்கிழமைகள் ஆறும் நோன்புக் கணக்கில் சேருவதில்லை. கத்தோலிக்கக் கோயில்களில் முதல் நாளன்று நெற்றியில் சாம்பல் பூசுகிறார்களே, அது முந்திய வருஷத்துக் குருத்தோலைகளை எரித்து எடுத்த சாம்பல்.

பட்டினி கிடப்பதிலும் இரண்டு வழி உண்டு. கத்தோலிக்கருக்குச் சட்டமே இருக்கிறது: 18 வயது நிறைந்தவர்கள், அறுபதாவது வயது தொடங்கும் வரை, சாம்பல் புதனன்றும் பெரிய வெள்ளியன்றும் ஒரே ஒரு வேளைதான் வயிறார உண்ணலாம். புராட்டஸ்டண்டுகளுக்கு அப்படி எழுதி வைத்த வயதுக் கணக்கு இல்லை. ஒருவர் வெள்ளிக்கிழமை மட்டும் இருப்பார்; ஒருவர் நாற்பது நாளும் கறி மீனை விடுவார்; இன்னொருவர் காப்பியை விட்டுவிட்டுத் தலைவலியோடு திண்டாடுவார்.

இதில் நமக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஏகாதசிக்கும் சஷ்டிக்கும் நம் பாட்டிமார் இருக்காத பட்டினியா? ரமலான் மாதத்தில் முஸ்லிம் குடும்பங்கள் தண்ணீர்கூட அருந்தாமல் பகல் முழுவதும் இருக்கவில்லையா? பட்டினி கிடந்த அன்று மாலையே பத்துப் பன்னிரண்டு பேராக ஒரு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, மனம் விட்டுப் பேசுகிறார்களே, அதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். உபவாசத்துக்கும் இந்தச் சின்னக் கூட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

இந்த இரண்டையும் ஒரே முடிச்சில் போட்டுக் காட்டிய ஒரு குடும்பத்தின் கதை இருக்கிறது. அது தொடங்கியது ஒரு தாயாரின் வீட்டில்.

தாயார் கூட்டிய கூட்டம்

இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் ஜில்லாவில் எப்வொர்த் என்று ஓர் ஊர். அங்கே பாதிரியாராக இருந்தவர் சாமுவேல் வெஸ்லி. அவருடைய மனைவி சூசன்னா. இந்த அம்மாள் பெற்ற குழந்தைகள் 19. பிழைத்து வளர்ந்தவை பத்து. சம்பளம் போதாது, கடன் உண்டு, 1709-ல் வீடே தீப்பிடித்து எரிந்தது. ஐந்து வயதுப் பையன் ஜானை ஜன்னல் வழியாகத்தான் வெளியே எடுத்தார்கள்.

இத்தனைக்கும் நடுவே சூசன்னா அம்மாள் ஒரு காரியம் செய்தார். வாரத்தின் ஒவ்வொரு நாள் மாலையிலும் ஒரு குழந்தையைத் தனியே உட்கார வைத்து, அதன் மனத்தில் இருப்பதைக் கேட்பார். திங்கள் ஒருத்தி, செவ்வாய் இன்னொருத்தி, வியாழக்கிழமை ஜான், சனிக்கிழமை அவன் தம்பி சார்லஸ் என்று முறை வைத்திருந்தார். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டே, 'அவன் என்ன நினைக்கிறான் என்று எனக்கு எங்கே தெரிகிறது?' என்று நாம் அங்கலாய்க்கிறோம்!

1711-1712 குளிர்காலத்தில் கணவர் சபை வேலையாக லண்டனுக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாகக் கோயிலைக் கவனித்துக்கொண்ட உதவிக் குருவின் பிரசங்கம் ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. சூசன்னா அம்மாள் ஞாயிறு மாலையில் தம் குழந்தைகளையும் வேலைக்காரர்களையும் உட்கார வைத்து, ஜெபம் செய்து ஒரு பிரசங்கத்தைப் படித்துக் காட்டுவது வழக்கம். வேலைக்காரப் பையன் ஒருவன் போய்த் தன் பெற்றோரிடம் சொன்னான். அவர்கள், 'நாங்களும் வரலாமா?' என்றார்கள். அவர்களைப் பார்த்து அக்கம் பக்கத்தார் வந்தார்கள். முப்பது பேர் இருநூறு பேராகப் பெருகினார்கள். இடமில்லாமல் பலர் திரும்பிப் போனார்கள்.

உதவிக் குருவுக்குப் பொறுக்குமா? லண்டனுக்குப் புகார் பறந்தது. கணவரிடமிருந்து கண்டனக் கடிதம் வந்தது: ஒரு பெண் இப்படிக் கூட்டம் நடத்துவது நன்றாகவா இருக்கிறது, வேறு யாரையாவது படிக்கச் சொல்லக் கூடாதா என்று. சூசன்னா அம்மாள் எழுதிய பதில் இன்றைக்கும் படிக்கத் தகுந்தது. எழுத்துக் கூட்டாமல் ஒரு பிரசங்கத்தைப் படித்து முடிக்கக்கூடிய ஆண் பிள்ளை இந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட இல்லையே என்றார். கூட்டத்தைக் கலைத்துவிடு என்று நீங்கள் விருப்பம் தெரிவித்தால் போதாது, உத்தரவாகவே போட்டுவிடுங்கள், அப்போதுதான் கடைசி நியாயத் தீர்ப்பு நாளில் அந்தப் பொறுப்பு என் தலையில் விழாது என்றும் முடித்தார்.

கணவர் உத்தரவு போடவில்லை!

அந்தக் கூட்டத்தில் தாயாரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜானுக்கு அப்போது எட்டு வயது. பிற்காலத்தில் 'மெதடிஸ்டு' சபையை உண்டாக்கிய ஜான் வெஸ்லி அவர்தாம். வீட்டுக்குள்ளே ஒரு சபை நடக்கக்கூடும் என்ற பாடத்தை அவர் படித்தது கல்லூரியில் அல்ல, தாயாரிடம்.

எல்லை மீறிய பட்டினி

ஜானும் சார்லஸும் ஆக்ஸ்போர்டில் படித்தார்கள். 1729-ல் அங்கே மாணவர்கள் சிலர் ஒரு சிறு குழுவாகச் சேர்ந்தார்கள். சேர்ந்து படிப்பது, சிறைக் கைதிகளைப் போய்ப் பார்ப்பது, ஏழைக் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது என்று காரியங்கள் நடந்தன. புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் பிற்பகல் 3 மணி வரை உபவாசம் இருக்கும் வழக்கத்தையும் பிறகு சேர்த்துக்கொண்டார்கள். மற்ற மாணவர்கள் இவர்களைப் 'பரிசுத்தர் கிளப்' என்று கேலி செய்தார்கள். எதையும் முறை வைத்துச் செய்கிறவர்கள் என்ற கிண்டலில் பிறந்ததுதான் 'மெதடிஸ்டு' என்ற பெயரும்.

கேலியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 1732-ல் அந்தக் குழுவைச் சேர்ந்த வில்லியம் மார்கன் என்ற இளைஞர் நோயுற்று இறந்துபோனார். 'உபவாசம், உபவாசம் என்று பிள்ளையைக் கொன்றுவிட்டார்கள்' என்று ஊரில் பேச்சு எழுந்தது. மகனைப் பறிகொடுத்த தகப்பனாருக்கு ஜான் வெஸ்லி ஒரு நீண்ட கடிதம் எழுதினார். மார்கன் உபவாசம் இருப்பதை நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது என்று அதில் விளக்க வேண்டியிருந்தது.

அடுத்து வந்தது ஜார்ஜ் ஒயிட்பீல்டின் சம்பவம். பின்னாளில் ஆயிரக்கணக்கானவர்களைத் திறந்த வெளியில் கூட்டிப் பேசிய பெரும் பிரசங்கி அவர். 1735 லெந்து காலத்தில் அவர் உடம்பை வருத்திய வருத்தத்தில், மாடிப்படி ஏறவே தெம்பில்லாமல் போய்விட்டது. வைத்தியர் வந்தார். வாரக் கணக்கில் படுக்கையில் கிடந்து பிழைத்தார்.

இந்தச் சம்பவங்களை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. தனியாக ஒருவர் உபவாசத்தில் இறங்கும்போது, 'போதும், நிறுத்து!' என்று சொல்ல ஆள் இருப்பதில்லை. வைராக்கியம் ஏற ஏற, பசி ஒரு பெருமையாக மாறுகிறது. 'நான் ஒரு நாள் இருந்தேன். இனி மூன்று நாள் இருந்து பார்க்கிறேன்' என்ற போட்டி மனத்துக்குள்ளேயே நடக்கிறது.

வெஸ்லி பிற்காலத்தில் மலைப் பிரசங்கத்தை விளக்கிப் பேசியபோது இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னார். முழுப் பட்டினி இருக்க முடியாதவர்கள் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளலாம். அதுவும் முடியாதவர்கள் ருசியான பண்டங்களை மட்டும் தவிர்க்கலாம். உடம்பைக் கெடுத்துக்கொள்ளும் உபவாசம் வேண்டவே வேண்டாம். உபவாசத்தோடு தர்மமும் சேர வேண்டும். இந்த நாலு வார்த்தையில் எல்லாம் அடங்கிவிட்டது.

தர்மம் என்றதும் இன்னொரு கணக்கு நினைவுக்கு வருகிறது. ஆக்ஸ்போர்டு மெதடிஸ்டு ஒருவரைப் பற்றி வெஸ்லி ஒரு பிரசங்கத்தில் குறிப்பிட்டிருக்கிறார். அது அவரேதான் என்பது சரித்திரக்காரர்களின் அபிப்பிராயம். அந்த மனிதருக்கு முதல் வருஷ வருமானம் 30 பவுன். 28 பவுனில் காலம் தள்ளி, 2 பவுனைத் தர்மம் செய்தார். அடுத்த வருஷம் வருமானம் 60 பவுன். செலவு அதே 28; தர்மம் 32. மூன்றாவது வருஷம் 90, தர்மம் 62. நாலாவது வருஷம் 120, தர்மம் 92. வருமானம் நாலு மடங்கு ஏறியும் வீட்டுச் செலவு ஒரு பவுன்கூட ஏறவில்லை! இதுவும் ஓர் உபவாசம்தானே?

வாரம் ஒரு பென்னி

இனி, கூட்டத்தின் கதை. 1739-ல் பிரிஸ்டல் நகரத்தில் மெதடிஸ்டுகள் ஒரு கட்டடம் கட்டினார்கள். கட்டிய வேகத்தில் கடனும் ஏறியது. அதை அடைப்பது எப்படி என்று யோசிக்க, 1742 பிப்ரவரி 15-ஆம் தேதி கூடினார்கள். ஃபாய் என்ற காப்டன் எழுந்து, கடன் தீரும் வரை ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்றார். அந்தக் காலத்து ஒரு பவுனுக்கு 240 பென்னி, அப்படியிருந்தும் ஒருவர் எழுந்து, "நம்மில் அந்த ஒரு பென்னிக்கும் வழியில்லாதவர்கள் பலர் இருக்கிறார்களே!" என்று ஆட்சேபித்தார்.

அதற்கு அந்தக் காப்டன் சொன்ன யோசனைதான் சபையின் சரித்திரத்தையே மாற்றியது. இருப்பவர்களிலேயே பரம ஏழைகள் பதினோரு பேரை என் பொறுப்பில் விடுங்கள். வாரா வாரம் அவர்கள் வீட்டுக்கு நான் போகிறேன். கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கட்டும், முடியாதவர்களுக்கும் சேர்த்து நானே கட்டிவிடுகிறேன் என்றார். பதினொன்றும் ஒன்றும் பன்னிரண்டு. மற்றவர்களும் அவரைப் போலவே ஆளுக்குப் பதினோரு பேரை ஏற்றுக்கொண்டார்கள்.

பென்னி வாங்கத்தான் வீடு வீடாகப் போனார்கள். ஆனால் வீட்டுக்குள் கால் வைத்தால் வீட்டின் நிலைமை கண்ணில் படாமல் இருக்குமா? ஒரு வீட்டில் புருஷன் குடித்துவிட்டுக் கிடந்தான். இன்னொரு வீட்டில் புருஷனும் பெண்சாதியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வசூலுக்குப் போனவர்கள் வந்து இதைச் சொன்னதும் வெஸ்லிக்குப் பளிச்சென்று பட்டது: இத்தனை நாள் நாம் தேடிக்கொண்டிருந்தது இதுதான்! ஆயிரம் பேருக்குப் பிரசங்கம் செய்துவிட்டுப் போகிறவருக்கு, அந்த ஆயிரத்தில் ஒருவர் வீட்டில் நடப்பதுகூடத் தெரியாது. பன்னிரண்டு பேரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு எல்லார் வீடும் தெரியும்.

வீட்டுக்கு வீடு போவதில் சங்கடங்களும் வந்தன. வேலைக்காரியாக இருந்தவளைப் பார்க்கப் போனால், வீட்டு எஜமானி தனியே பேச விடவில்லை. இருவருக்குள் மனஸ்தாபம் என்றால், தனித் தனியே கேட்டு உண்மை விளங்கவில்லை. ஆகவே பன்னிரண்டு பேரும் வாரம் ஒரு முறை ஓர் இடத்தில் கூடுவது என்று ஏற்பாடாயிற்று. அதற்கு 'கிளாஸ்' என்று பெயர். பள்ளிக்கூட வகுப்பு அல்ல. பிரிவு என்று அர்த்தம். பல கிளாஸ்களுக்குப் பெண்களே தலைவிகளாக இருந்தார்கள். எஜமானியம்மாளின் முன்னால் வாய் திறக்க முடியாத வேலைக்காரப் பெண், வாரத்தில் ஒரு மணி நேரம் தன் மனத்தில் உள்ளதைச் சொல்ல ஓர் இடம் கிடைத்தது. அவள் பேசி முடிக்கும் வரையில் மற்றப் பதினோரு பேரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதன் அருமை, நாள் முழுவதும் பிறர் பேச்சையே கேட்டுப் பழகிய பெண்களுக்குத்தான் புரியும்.

1743-ல் வெஸ்லி இந்தச் சங்கங்களுக்குப் பொது விதிகளை வகுத்தார். தீங்கு செய்யாதிருப்பது, நன்மை செய்வது, பக்திக்குரிய கடமைகளைக் கைக்கொள்வது என்று மூன்று தலைப்புகள். மூன்றாவது தலைப்பின் கீழே உபவாசமும் இடம்பெற்றது. இப்படித்தான் பசியும் கூட்டமும் ஒரே விதிப் புத்தகத்தில் வந்து சேர்ந்தன.

இந்தக் கூட்டங்களோடு ஒரு 'விருந்து'ம் உண்டு. அன்பின் விருந்து என்று பெயர். என்ன பரிமாறுவார்கள் என்கிறீர்கள்? சாதாரண ரொட்டியும் தண்ணீரும்! இரண்டு கைப்பிடி வைத்த ஒரே கோப்பையில் தண்ணீரை ஒருவர் பருகி அடுத்தவருக்கு நீட்டுவார். கடைசியில் ஏழைகளுக்காகக் காணிக்கை எடுப்பார்கள். விருந்து என்ற பெயரில் யாருடைய வீட்டுக்கும் செலவு வைக்காத ஏற்பாடு. இதன் அருமையைப் பிறகு சொல்கிறேன்.

கடல் கடந்து வந்த வழக்கம்

மெதடிஸ்டு மிஷனரிகள் 1814-ல் இலங்கையில் வந்து இறங்கினார்கள். இந்தக் கோஷ்டிக்குத் தலைமை தாங்கிப் புறப்பட்ட தாமஸ் கோக் நடுக்கடலிலேயே இறந்துபோனார். எஞ்சியவர்களில் சிலர் யாழ்ப்பாணத்துக்குப் போனார்கள். ஜேம்ஸ் லிஞ்ச் என்பவர் 1817-ல் சென்னைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் அவர்களுடைய பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே ஆசிரியராகவும் இருந்து, பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் வேத மொழிபெயர்ப்புக்குத் துணை செய்தவர்தாம் நம் ஆறுமுக நாவலர். பிறகு அவர் சைவத்தைக் காக்கப் புறப்பட்டு அந்தப் பாதிரிமாரையே எதிர்த்து நின்றது வேறு கதை!

சென்னை ராயப்பேட்டையில் வெஸ்லியின் பெயரைத் தாங்கிய பள்ளிக்கூடத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, பிரிட்டிஷ் மிஷன் வழிவந்த மெதடிஸ்டுகளும் ஆங்கிலிக்கர் முதலானவர்களோடு அதில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டார்கள்.

வீட்டு ஜெபக் கூட்டங்கள் எல்லாம் மெதடிஸ்டுகள் வழியாகத்தான் வந்தன என்று சொல்லிவிட முடியாது. ஆதிக் கிறிஸ்தவர்கள் கூடியதே வீடுகளில்தான். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பங்குகளிலும் அக்கம் பக்கத்துக் குடும்பங்களைச் சேர்த்து 'அன்பியம்' என்று சிறு சிறு குழுக்களை அமைத்திருக்கிறார்கள். எவ்வளவு அழகான பெயர்! பெயர் எதுவானாலும் உள்ளே நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு பாட்டு, வேதத்தில் ஒரு பகுதி, அதைப் பற்றிக் கொஞ்சம் பேச்சு, பிறகு யாருக்கு என்ன கஷ்டம் என்று கேட்டு ஜெபம். உபவாச நாளானால் முடிவில் கஞ்சியோ, டீயோ.

கூடத்தில் வரும் சங்கடங்கள்

எல்லாம் சுகமாகவே நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். குடும்பப் பெண்களுக்குத் தெரியாததா? முதல் சங்கடம், உபவாசம் இருக்கும் அம்மாளுக்கு அடுப்படியிலிருந்து விடுதலை இல்லை. தான் பட்டினி, ஆனால் மாமனாருக்குக் கஞ்சி, கணவருக்கு மதியச் சாப்பாட்டு டப்பா, பிள்ளைகளுக்கு இட்லி. ருசி பார்க்க முடியாமல் உப்புப் போட வேண்டும். உப்புக் குறைந்தால் பேச்சும் கேட்க வேண்டும்! வீட்டில் ஒருவர் உபவாசம் என்றால் அன்றைக்கு ஒரு வேளைச் சமையலையாவது மற்றவர்கள் ஏற்றுக்கொள்வது நியாயம். ஆண்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விட வேண்டாம்.

இரண்டாவது சங்கடம், பலகாரம். 'டீ மட்டும் போதும்' என்று தொடங்குகிற கூட்டத்தில், ஒரு வீட்டில் பிஸ்கட் வரும். அடுத்த வாரத்து வீட்டுக்காரர் சமோசா வைப்பார். அதற்கடுத்த வீட்டில் கேசரியும் பஜ்ஜியும். பட்டினி கிடந்துவிட்டுப் பஜ்ஜி தின்கிற வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும். நாலாவது வாரம் யார் வீட்டு முறை? ஒற்றை அறையில் குடியிருந்து, மாதக் கடைசியில் மளிகைக் கடன் சொல்லும் ஒரு பெண்ணின் முறை. அவள் என்ன செய்வாள்? 'உடம்பு சரியில்லை' என்று சொல்லி முறையைத் தள்ளிப் போடுவாள். இரண்டு முறை தள்ளிப் போட்டவள், பிறகு கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிடுவாள். யாருக்காக அந்தக் கூட்டம் மிகவும் தேவையோ, அவளைப் பஜ்ஜித் தட்டு வெளியே தள்ளிவிட்டது! ரொட்டியும் தண்ணீரும் வைத்து விருந்து நடத்தினார்கள் என்றேனே, அதன் அருமை இப்போது தெரிகிறதல்லவா? எல்லா வீட்டுக்கும் ஒரே பண்டம், அதுவும் மிகவும் எளிய வீட்டுக்குக் கட்டுப்படியாகிற பண்டம் என்று ஒரு கூட்டம் தீர்மானித்துக்கொண்டால், அது பெரிய தர்மம்.

மூன்றாவது சங்கடம் நாக்கு. 'அந்த அக்காவுக்காக ஜெபம் செய்யுங்கள். அவர்கள் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா?' என்று ஆரம்பித்தால், ஜெபம் வம்பாக மாற எத்தனை நேரமாகும்? வெள்ளிக்கிழமை கூடத்தில் கண்ணீரோடு சொன்னது ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் திரும்பி வந்தால், சொன்னவர் மறுபடி ஒருபோதும் வாய் திறக்க மாட்டார். சாப்பாட்டை விடுவது சுலபம். கேட்ட செய்தியைச் சொல்லாமல் விழுங்குவதுதான் கடினமான உபவாசம்.

உடல்நிலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சர்க்கரை வியாதிக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்கிறவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், வளரும் குழந்தைகள் ஆகியோர் டாக்டரைக் கேளாமல் உபவாசத்தில் இறங்கக் கூடாது. பட்டினி கிடக்கும்போது சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கம் வரலாம். சில சமயம் உயிருக்கே ஆபத்தாகும். 'எனக்கு ஒன்றும் ஆகாது' என்று பிடிவாதம் பிடிக்கிறவரிடம், 'அக்கா, நீங்கள் கஞ்சி குடித்துவிட்டு வாருங்கள்' என்று சொல்ல அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவராவது இருக்க வேண்டும்.

மிச்சமான சாப்பாடு எங்கே?

விட்ட சாப்பாடு என்ன ஆயிற்று என்பது முக்கியமான கேள்வி. பழைய ஏற்பாட்டில் ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் 58-ஆம் அதிகாரம் பெரும்பாலும் இந்தக் கேள்வியைப் பற்றியதுதான். உபவாசம் இருந்துகொண்டே வேலைக்காரர்களை வாட்டி வதைக்கிறவர்களைத் தீர்க்கதரிசி சாடுகிறார். பசித்தவனுக்குப் பங்கு கொடுப்பதும், துணியில்லாதவனுக்குத் துணி கொடுப்பதும்தான் கடவுள் கேட்கும் உபவாசம் என்கிறார். உபவாசம் இருப்பதை ஊருக்குக் காட்டாதே, முகத்தைக் கழுவிக்கொண்டு உற்சாகமாக இரு என்பது இயேசுவின் போதனை. குழாயடியில் அந்த அம்மாள் சிரித்து மழுப்பியதன் காரணம் இப்போது விளங்குகிறதா?

மிஸோரம் மாநிலத்துக் கிறிஸ்தவப் பெண்கள் இதற்கு ஒரு சுலபமான வழி கண்டுபிடித்தார்கள். 1910-ல் அவர்கள் தொடங்கிய வழக்கம் அது. ஒவ்வொரு வேளை சோறு வடிக்கும்போதும், உலையில் போடுவதற்கு முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். சேர்ந்ததைச் சபைக்குக் கொடுப்பார்கள். காசைக் கையில் காணாத மலை நாட்டுப் பெண்களுக்கும் அரிசிப் பானை கையில் இருந்ததல்லவா? மிகவும் ஏழை வீட்டிலும் ஒரு பிடி குறைந்தால் தெரியாது. ஊர் முழுவதும் சேர்ந்தால் மூட்டைகள் ஆகிவிடும். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த வழக்கம் நிற்கவில்லை. பிடி அரிசி நமக்கும் புதியதல்ல. பாட்டி வீட்டு அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருந்த சிறு பானையை நினைவிருக்கிறதா?

ஆகவே, தாய்மார்களே, நீங்கள் எந்த மதத்தைச் சேர்ந்தவரானாலும் சரி, அடுத்த விரத நாளன்று ஒன்று செய்து பாருங்கள். அன்று மிச்சமான காப்பிப் பொடி, பால், காய்கறி, அரிசி எல்லாவற்றுக்கும் பால் கணக்கு நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். அந்தத் தொகையைத் தனியே ஒரு டப்பாவில் போடுங்கள். பிறகு அதே பக்கத்தில், உங்கள் தெருவிலும் உறவிலும் உங்களுக்குத் தெரிந்த பதினோரு பேர் பெயரை எழுதுங்கள். அவர்களில் யாருக்குப் போன வாரம் கஷ்டம், யார் வீட்டில் மாதக் கடைசியில் அடுப்பு எரிகிறது, யார் இரண்டு வாரமாகக் கண்ணில் படவில்லை என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே உங்களால் எழுத முடிகிறதா, பாருங்கள்.

எழுத முடியாத பெயர் ஒன்று நிச்சயம் இருக்கும். முதலில் அந்த வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்.